இரண்டு பேர், நான்கு கை: ஆம்புலன்ஸ் குழு ஒன்றாக வேலை செய்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் இ.எம்.டி.யாக, அதாவது ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். இரவு பதினொன்றரைக்கு ஒரு மூச்சுத்திணறல் கேஸ். 60 வயது தாண்டிய ஒரு அம்மா, நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏற்றி, மாஸ்க்கைப் போட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டரைத் திருகினேன். அதற்குள் இருக்கும் சின்னக் குண்டு எழும்பவில்லை. பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் காலி.

பகல் ஷிப்ட்காரர்கள் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இ.எம்.டி. பார்த்திருப்பான் என்று வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் நினைத்திருந்தார். இரவுக்காரர்கள் ஏறும்போது பார்த்துக்கொள்வார்கள் என்று பகல்காரர்கள் நினைத்திருந்தார்கள். நாலு பேரும் வேலை தெரிந்தவர்கள்தான், ஒருவரும் சோம்பேறி இல்லை. சின்ன சிலிண்டர் ஒன்று ஓரத்தில் இருந்ததால் அந்த அம்மாவை ஆஸ்பத்திரி வரை கொண்டு போக முடிந்தது.

‘அவரு பாத்திருப்பாரு’ என்ற இந்த நினைப்பை ஒவ்வொரு இடத்திலிருந்தும் எப்படி விரட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த இ.எம்.டி., பைலட், தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள், கடற்கரையிலும் தோட்டத்திலும் முதல் ஆளாக ஓடிவரும் இளைஞர்கள் எல்லாருக்கும் இது உதவும். மருந்து, அளவு விஷயத்தில் உங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நெறிமுறையே கடைசி வார்த்தை.

முதலில், குழு என்றால் யார்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வண்டிக்கு இரண்டு பேர்: பைலட் ஒருவர், இ.எம்.டி. ஒருவர். ஆனால் குழு இந்த இரண்டு பேரோடு முடிவதில்லை. அழைப்பை எடுக்கும் சென்னை மையம், போனில் ஆலோசனை சொல்லும் மைய டாக்டர், சம்பவ இடத்தில் ஏற்கெனவே நிற்கும் ஆட்கள், கேஷுவாலிட்டியில் (ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்) காத்திருக்கும் நர்ஸும் டூட்டி டாக்டரும் எல்லாரும் குழுதான். நம் மாவட்டத்தில் இந்த மூன்றாவது வகை ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜன நெருக்கம் அப்படி. எங்கே ஒரு பைக் விழுந்தாலும் இரண்டு நிமிடத்தில் இருபது பேர். இந்த இருபது பேரையும் தொல்லை என்று நினைக்கிற குழுவுக்குக் கடைசி வரை இரண்டு பேர்தான். அவர்களில் நாலு பேரைப் பிடித்து வேலை கொடுக்கிற குழுவுக்கு ஆறு பேர்.

படி 1: ஷிப்ட் மாறும்போது வாயால் சொல்லி ஒப்படையுங்கள்

டிக் அடிக்கும் தாள் இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டும். ஆனால் டிக் அடிப்பதும் பார்ப்பதும் ஒன்றில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனால் உயிர் போகிற ஐந்து சாமான்களை மட்டும் ஒருவர் தொட்டுக்காட்டி வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்: ஆக்சிஜன் அளவு, சக்‌ஷன் இழுக்கிறதா (வாயில் தேங்குவதை உறிஞ்சும் கருவி), அம்பு பேக்கும் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) மாஸ்க்கும், ஏ.இ.டி. (நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பேட்டரியும் நெஞ்சில் ஒட்டும் பேடும், பிரசவ கிட். பைலட் டீசல், டயர், சைரன், பின்கதவுப் பூட்டு பற்றிச் சொல்லட்டும். இ.எம்.டி. அதைத் திருப்பிச் சொல்லட்டும். பின்கதவு பைலட் வேலை, மருந்துப் பெட்டி இ.எம்.டி. வேலை என்று பிரித்து வைத்துக்கொண்டு ஒருவர் சாமானை மற்றவர் தொடாமலே ஆறு மாதம் ஓட்டிய ஜோடிகளை எனக்குத் தெரியும். அவசரத்தில் ஐ-ஜெல் (மூச்சுவழியைத் திறந்து வைக்கும் குழாய்) எந்த அறையில் இருக்கிறது என்று பைலட்டுக்குத் தெரியவில்லை என்றால், அந்தப் பதினைந்து விநாடி யாருடைய கணக்கு?

மூன்று நிமிடம்தான் ஆகும். சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

படி 2: வண்டி ஓடும்போதே வேலையைப் பிரியுங்கள்

அழைப்பு வந்து வண்டி கிளம்பியதும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பைலட் வழியைப் பார்ப்பார், இ.எம்.டி. அழைத்தவருக்குப் போன் செய்வார், இரண்டு பேரும் அவரவர் உலகத்தில் இருப்பார்கள். போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நம் ஊர்ப் பெயர்களே ஒரு வம்பு. புத்தன்துறை என்றால் எந்தப் புத்தன்துறை? இனயம் புத்தன்துறை வேறு. ‘விளை’ என்று முடிகிற இடம் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் டஜன் கணக்கில் இருக்கும். “எந்தச் சர்ச், எந்தக் கோவில், பக்கத்தில் குருசடி உண்டா” என்று கேட்டால்தான் ஆள் பிடிபடும். (குருசடி என்றால் சிலுவை வைத்த சின்ன வழிபாட்டிடம்.) இந்தப் பேச்சு பைலட் காதிலும் விழ வேண்டும், ஏனென்றால் அந்தக் குருசடி அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

வழி உறுதியானதும் முப்பது விநாடி ஒதுக்குங்கள். இ.எம்.டி. சொல்ல வேண்டியது மூன்று விஷயம். என்னவாக இருக்கலாம், இறங்கியதும் யார் எதை எடுப்பது, நாம் நினைத்தது தப்பாக இருந்தால் என்ன செய்வது. உதாரணத்துக்கு இப்படி:

“அண்ணே, நெஞ்சு எரிச்சல்னு சொல்லுதாங்க, வாயுன்னு சோடா குடிச்சிருக்காரு. நான் ஹார்ட்டுன்னு நினைச்சுப் போறேன். நான் பையும் மானிட்டரும் எடுக்கேன், நீங்க ஏ.இ.டி.யும் ஆக்சிஜனும் எடுங்க. ஆள் பேச்சு மூச்சில்லாம கெடந்தா நான் அமுக்க ஆரம்பிப்பேன், நீங்க பேடை ஒட்டுங்க.”

“ஏ.இ.டி., ஆக்சிஜன் நான். கெடந்தா பேட் நான்.”

அவ்வளவுதான். ‘வாயு’ என்ற சொல்லைக் கேட்டதும் மாரடைப்பையும் மனதில் வைத்துக்கொள்வது நம் ஊரில் வேலை செய்கிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் பாடம்.

படி 3: இறங்கிய முதல் நிமிடம்

ஒருவர் ஆளைப் பார்க்க வேண்டும், ஒருவர் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நோயாளி மேல் குனிந்துவிட்டால் மேலே தொங்கும் மின்கம்பியையும், சாலையில் வரும் லாரியையும், கத்தியோடு நிற்கும் சொந்தக்காரரையும் யாரும் பார்க்க மாட்டார்கள். இடம் பைலட்டின் பொறுப்பு. வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினால் வெளியேறச் சுலபம், கதவிலிருந்து ஸ்ட்ரெச்சர் வர வழி உண்டா என்பதையெல்லாம் அவர் பார்த்துச் சொல்வார்.

கூட்டத்தில் வேலை கொடுக்கும்போது “யாராவது பிடிங்க” என்று சொன்னால் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். விரலை நீட்டி ஆளைக் குறியுங்கள். “நீல சட்டை அண்ணே, நீங்க இந்தக் காலை இப்படியே பிடிச்சுக்கிடுங்க, நான் சொல்ற வரை விடாதீங்க.” “அக்கா, நீங்க இவங்க சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கொண்டு வாங்க.” அழுது கத்துகிற நெருங்கிய உறவினருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாத்திரைக் கவர் தேடுகிற கை, நம் கையைப் பிடித்து இழுக்காது.

விபத்து இடத்தில் உதவ வருபவர்கள் போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்கினால் ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

தலைமை யார் என்பதும் இந்த நிமிடத்திலேயே தெரிந்துவிட வேண்டும். வழக்கமாக இ.எம்.டி. ஆனால் இரண்டாவது வண்டி வந்து சேர்ந்தால், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நின்றால், யார் சொல்வதைக் கேட்பது என்று எல்லாரும் முழிப்பார்கள். “நான்தான் இந்தக் கேஸ் பாக்கேன், நீங்க மூச்சுப் பக்கம் எடுத்துக்கிடுங்க” என்று ஒரு வரி போதும். வந்தவர் அனுபவசாலி என்றால் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம். அதையும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டு தலைமை இருப்பது தலைமையே இல்லாததைவிட மோசம்.

படி 4: சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

பயிற்சியில் இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருப்பார்கள். நடைமுறையில் மூன்று துண்டு: ஆள் பெயர் சொல்லிக் கேட்பது, கேட்டவர் அதையே திருப்பிச் சொல்வது, செய்து முடித்ததும் “ஆச்சு” என்று சொல்வது. மூன்றாவது துண்டைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். “பி.பி. பாருங்க” என்று கேட்டவர், பார்த்தாகிவிட்டது என்று நினைத்து அடுத்ததுக்குப் போய்விடுவார். கேட்கப்பட்டவரோ கஃப் கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பார்.

எண்களில் ரொம்பக் கவனம் வேண்டும். வண்டிக்குள் நாம் எண்களைப் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் சொல்கிறோம். சைரன் சத்தத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தமிழில் சொன்னாலும் ‘எழுவது’, ‘எம்பது’ குழப்பும். ‘ஏழு, சைபர்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். மருந்து எடுக்கும்போது ஆம்ப்யூலைப் பிடித்தவர் பெயரையும் அளவையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கண்ணால் பார்த்து “சரி” என்று சொன்ன பிறகுதான் சிரிஞ்ச் நிரம்ப வேண்டும். போட்டதும் நேரத்தோடு சொல்லுங்கள்: “அட்ரினலின் ஒரு மில்லிகிராம், நரம்பு வழி, போட்டாச்சு, 7.42.” அடுத்த டோஸுக்கு 3 முதல் 5 நிமிடம் என்பதை அப்போது இரண்டு பேருமே எண்ணுவார்கள்.

படி 5: இதயம் நின்றவரிடம் இரண்டு பேர்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் குழுவின் லட்சணம் இங்கேதான் வெளியே வரும்.

ஆள் தரையில் கிடக்கிறார். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை, 10 விநாடிக்குள் நாடி தெரியவில்லை. இ.எம்.டி. நெஞ்சின் நடுவில் கை வைத்து அமுக்கத் தொடங்குகிறார்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். எண்ணுவது வாய்விட்டு. பைலட் எதிர்ப்பக்கம் முட்டி போட்டு ஏ.இ.டி.யைத் திறந்து, சட்டையைக் கிழித்து, ஈரம் இருந்தால் துடைத்து, பேடை ஒட்டுகிறார். அவர் ஒட்டும்வரை அமுக்கும் கை நிற்கக் கூடாது. இரண்டு பேர் கைகளும் ஒன்றையொன்று இடிக்கும், பழகினால் சரியாகிவிடும். மெஷின் “விலகுங்கள்” என்று சொல்லும்போது மட்டும் கை விலக வேண்டும். பைலட் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்து, “யாரும் தொடல” என்று சொல்லி பட்டனை அழுத்துகிறார். அடுத்த நொடி மறுபடி அமுக்கு. ஷாக் கொடுத்துவிட்டு மானிட்டரைப் பார்த்து நிற்பது எல்லாருக்கும் வரும் ஆசை. அடக்கிக்கொள்ளுங்கள்.

30 அமுக்கு, 2 மூச்சு. மூச்சு கொடுக்கும் இடத்தில்தான் இரண்டு பேர் குழு திணறும். ஒற்றைக் கையால் மாஸ்க்கைப் பிடித்து மறுகையால் பேக்கை அமுக்கினால் பாதிக் காற்று கன்னத்துப் பக்கம் போய்விடும். ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துத் தாடையைத் தூக்கிப் பிடிக்கட்டும். முப்பது எண்ணி முடித்ததும் அமுக்கிக்கொண்டிருந்தவரே கையை நீட்டிப் பேக்கை அமுக்கட்டும். ஒரு மூச்சுக்கு ஒரு விநாடி, நெஞ்சு எழும்பும் அளவு மட்டும். இரண்டு மூச்சு, கை மறுபடி நெஞ்சுக்கு. இந்த இடைவெளி 10 விநாடிக்குள் முடிய வேண்டும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். “எனக்கு டயர்ட் ஆகல” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆழம் குறைவது அமுக்குபவருக்குத் தெரியாது, பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். கூட்டத்தில் திடமான ஒரு இளைஞர் இருந்தால் அவரையும் சுற்றில் சேருங்கள். “நான் அமுக்குறதைப் பாத்துக்கிடுங்க, அடுத்து நீங்க, நான் எண்ணுறேன்” என்று சொன்னால் போதும். முட்டத்திலோ குளச்சலிலோ வலை இழுத்த கைகள் நம்மைவிட நன்றாக அமுக்கும்.

கடலிலோ குளத்திலோ மூழ்கியவர் என்றால் ஒரு மாற்றம் உண்டு. அவருக்கு முதல் குறை காற்றுதான். அதனால் மூச்சு கொடுத்துத் தொடங்கி, பிறகு அமுக்க வேண்டும். கரையில் இருப்பவர்கள் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பார்கள். அது பழைய வழக்கம், கெடுதல்தான் செய்யும். அவர்களை அதட்டினால் நிற்க மாட்டார்கள். ஒருவரிடம் ஆளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி, இன்னொருவரிடம் துடைக்கத் துண்டு கேளுங்கள். கைக்கு வேலை கிடைத்ததும் வயிற்றை விட்டுவிடுவார்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தங்கள் ஆட்களைத் தேடித் தாங்களே கடலில் இறங்கிய மக்கள் இவர்கள். அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லும் தகுதி நமக்குக் கிடையாது.

படி 6: தூக்குவது

கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் ரோட்டோரத்தில் கிடப்பவரைத் தூக்குவதும், பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டச் சரிவில் கிடப்பவரைத் தூக்குவதும் ஒரே வேலை இல்லை. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவரைப் பாம்பு கடித்தால், வண்டி நிற்கும் இடத்துக்கும் அவருக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் சறுக்கு இருக்கும். நடக்க விடக் கூடாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்ட வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. இது ஒருவர் வேலை. இன்னொருவர் கடித்த நேரத்தைக் கேட்டு எழுதி, மோதிரம், கொலுசு, காப்பு கழற்றி, தூக்க நாலு பேரைச் சேர்க்க வேண்டும். பாம்பைத் தேடி யாரும் போக வேண்டாம். தூரத்திலிருந்து யாராவது படம் எடுத்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புக்குத்தான். நம் மலைப்பக்கத்தில் மூக்கு மேலே தூக்கியிருக்கும் சின்னக் குழிவிரியனும் உண்டு. அதன் கடிக்கு அந்த மருந்து பலன் தராது. அந்தப் படம் டாக்டருக்கு உதவும்.

முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தலையைப் பிடித்தவர்தான் ராஜா. அவர் கை எடுக்கக் கூடாது, அவர் சொல்லாமல் யாரும் திருப்பக் கூடாது. தோள், இடுப்பு, கால் என்று மூன்று பேர். முதலில் ஒரு சின்ன விஷயத்தை முடிவு செய்யுங்கள்: ‘மூணு’ என்று சொல்லும்போதே திருப்புவதா, ‘மூணு’ சொல்லி ‘திருப்பு’ என்ற பிறகா? இதை முன்னால் பேசாததால் பாதிப்பேர் ஒரு நொடி முன்னும் பாதிப்பேர் பின்னுமாக, ஆளை முறுக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வாய் ஒத்திகை ஒருமுறை. அப்புறம் தூக்கு.

படி 7: தப்பு நடக்கும்போது வாய் திறப்பது

இதுதான் கஷ்டமான படி. நம் ஊரில் ‘அண்ணே’, ‘சார்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாயால் “நீங்க செய்றது தப்பு” என்று சொல்ல வராது. வயதில் மூத்த பைலட்டுக்கு 22 வயது இ.எம்.டி. பெண் சொல்லத் தயங்குவார். எட்டு வருடம் வண்டி ஓட்டி ஆயிரம் கேஸ் பார்த்த பைலட், “நாம டிரைவர்தானே” என்று வாயை மூடிக்கொள்வார். இரண்டு தயக்கமும் நோயாளி தலையில்தான் விடியும்.

இதற்கு மரியாதை கெடாமல் ஒரு வழி இருக்கிறது. மூன்று வார்த்தைகளை ஜோடியாக முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது “ஒரு சந்தேகம்”. அது கேட்டால் மற்றவர் கையை நிறுத்தாமலே காதைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது “எனக்குப் பயமா இருக்கு”. அதைக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது “நிறுத்துங்க”. யார் சொன்னாலும், யாரிடம் சொன்னாலும், கை நின்றாக வேண்டும், காரணம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஒருமுறை இரண்டாவது மாடியிலிருந்து ஒருவரை இறக்கும்போது ஸ்ட்ரெச்சர் பெல்ட் ஒன்று மாட்டாமல் இருந்ததைப் பைலட் பார்த்து “நிறுத்துங்க” என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே இறங்கிய பிறகுதான் படிக்கட்டின் வளைவைத் திரும்பிப் பார்த்தேன்.

கேட்டவர் “சரி, சொன்னது நல்லது” என்று சொல்லிவிட வேண்டும், சந்தேகம் தப்பாகவே இருந்தாலும். ஒருதரம் முறைத்துவிட்டால் அடுத்த தரம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 8: ஓடும் வண்டியில்

சைரனை அலறவிட்டு வேகமாகப் போவதை நல்ல ஓட்டம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். பைலட் வாயைத் திறந்தாலே பின்னால் இருப்பவருக்குப் பாதி உதவி. “வலது வளைவு”, “பிரேக் அடிக்கேன்”, “பள்ளம்”. இ.எம்.டி. பதிலுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும்: “ஊசி போடுறேன், ஒரு நிமிஷம் பைய போங்க”, “மோசமாகுது, வழி இருந்தா சீக்கிரம்”. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே மாலை நேரத்தில் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேம்பாலத்தில் ஏறுவதா, கீழேயே போவதா என்ற முடிவு பைலட்டுடையது, அதில் பின்னாலிருந்து தலையிடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் சந்திப்பில் பாய வேண்டாம்.

பிரசவக் கேஸ் மட்டும் தனி. கோதையாறு ரோட்டில் வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது குழந்தையின் தலை தெரிந்துவிட்டால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நோயாளி ஒரு நிமிடத்தில் இரண்டாகப் போகிறார், இ.எம்.டி.யோ ஒருவர். பைலட் பின்னால் வர வேண்டும். ஏ.சி.யை அணைப்பது, காய்ந்த துண்டுகளை விரிப்பது, பிறந்த நேரத்தை உரக்கச் சொல்வது அவர் வேலை. குழந்தையைத் துடைத்து அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்துவதற்குள் அவர் “ஒரு நிமிஷம் ஆச்சு” என்று சொல்வார். குழந்தை அழுது மூச்சு விட்டால் தொப்புள்கொடியைக் கட்ட அவசரமில்லை. நஞ்சுக்கொடியை இழுக்கவும் கூடாது. கூட வந்த பெண்ணை அம்மாவின் தலைமாட்டில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் நிலையானதும் வண்டி கிளம்பலாம்.

எந்த ஆஸ்பத்திரி என்பதில் இரண்டு பேரும் ஒரே பேச்சாக இருங்கள். களியக்காவிளைப் பக்கம் “திருவனந்தபுரம் கொண்டு போங்க” என்பார்கள், மற்ற இடங்களில் பக்கத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். பக்கவாதம் என்றால் ஸ்கேனும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் இருக்கும் இடம்தான் சரியான இடம். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அந்த மருந்து போக வேண்டும். அதனால் “கடைசியா எப்போ நல்லா இருந்தாரு” என்ற கேள்விக்கான பதிலை எழுதி வையுங்கள். ‘எப்போது பார்த்தோம்’ என்பதும் ‘எப்போது நன்றாக இருந்தார்’ என்பதும் வேறு வேறு. இ.எம்.டி. மைய டாக்டரிடம் பேசி முடிவெடுக்கட்டும். பைலட் “இவ்வளவு நேரமாகும்” என்று மட்டும் சொல்லட்டும். ஆளுக்கொரு ஆஸ்பத்திரியைச் சொன்னால் வீட்டார் இரண்டு பேரையும் நம்ப மாட்டார்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. காசைப் பற்றிய பயத்தில் தவறான இடத்துக்குத் திருப்பச் சொல்லும் குடும்பத்துக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதல்.

படி 9: ஒப்படைப்பு

ஆசாரிபள்ளம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியோ, தக்கலையோ, குழித்துறையோ, கேஷுவாலிட்டிக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கை வைப்பார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள். அமுக்கு நடந்துகொண்டிருந்தால் தவிர, அரை நிமிடம் எல்லார் கையும் நிற்கும்படி கேளுங்கள். “டாக்டர், முப்பது செகண்ட்.” அப்புறம் ஒரே மூச்சில், எப்போதும் ஒரே வரிசையில் சொல்லுங்கள்: யார், எப்போது, எப்படி, என்ன அடி, பல்ஸ், பி.பி. என்ன அளவு, நாம் என்ன செய்தோம்.

“ஆண், 52 வயசு. காலை 6.15. பைக்கில போனவர், எதிரே கார், ஹெல்மெட் இல்ல. வலது தொடை எலும்பு முறிஞ்ச மாதிரி இருக்கு, நெத்தியில வெட்டு, வயிறு மென்மை. பல்ஸ் 124, பி.பி. 90-க்கு 60, சாச்சுரேஷன் 91 இருந்தது, ஆக்சிஜன் வச்சு 96. கூப்பிட்டா கண் திறக்காரு, பேச்சு குழப்பமா இருக்கு. காலர், ஸ்ப்ளின்ட், ஒரு லைன், 250 மில்லி சலைன். சுகர் மாத்திரை சாப்பிடுறவர். மனைவி வெளிய இருக்காங்க.”

சொல்பவர் ஒருவரே. பைலட் அந்த நேரம் ஸ்ட்ரெச்சரை மாற்றிக்கொண்டே காதைக் கொடுத்து, விடுபட்டதை மட்டும் கடைசியில் சேர்ப்பார்: “ஸ்பாட்ல ஒருதரம் வாந்தி எடுத்தாரு.” இந்தக் கடைசி வரி எத்தனையோ தரம் சிகிச்சையை மாற்றியிருக்கிறது, ஏனென்றால் ஆளைத் தூக்கும்போது தலைப்பக்கம் நின்றவர் பைலட். டூட்டி டாக்டர் திருப்பிச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: “பி.பி. 90 எழுதிக்கிட்டீங்களா?” கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரே இடத்தில் பலர் என்றால்

சுற்றுலா வேன் கவிழ்ந்தால், பஸ்ஸும் பஸ்ஸும் மோதினால், முதலில் வந்த வண்டி முதலில் கண்ணில் பட்டவரை ஏற்றிக்கொண்டு ஓடக் கூடாது. மனசு கேட்காது, தெரியும். ஒருவர் எண்ணி மையத்துக்குச் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், எத்தனை வண்டி வேண்டும், எந்தப் பக்கம் வழி. இன்னொருவர், யாருக்கு முதலில் உதவி என்று நிறம் வைத்துத் தரம் பிரிக்க வேண்டும். நடக்க முடிந்தவர்கள் பச்சை, ஒரு ஓரமாக. மற்றவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், அல்லது மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது சொன்னதைச் செய்யவில்லை என்றால் சிவப்பு, அதாவது முதல் கவனிப்பு. மீதி மஞ்சள். மூச்சுவழியைத் திறந்தும் மூச்சு வராதவர் கறுப்பு. ஒருவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். பெருகும் ரத்தத்தை அழுத்திப் பிடிக்கப் பக்கத்தில் நிற்பவரை நியமித்துவிட்டு நகருங்கள். சத்தமாக அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தம் போடாதவரைத் தேடிப் போங்கள்.

படி 10: வண்டி திரும்பும்போது

கழுவுவது, ஊசிகளைப் பெட்டியில் போடுவது, பி.சி.ஆர். (நோயாளி பற்றிய பதிவுத் தாள்) எழுதுவது எல்லாம் வழக்கம்போல. அதோடு வழியில் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் மூன்று கேள்வி: எது நன்றாகப் போனது, எங்கே திணறினோம், அடுத்த தரம் எதை மாற்றுவோம். ‘யார் தப்பு’ என்ற கேள்வி இதில் இல்லை. குழந்தை இறந்த கேஸ் என்றால் இந்தக் கேள்விகளையும் தள்ளி வையுங்கள். வண்டியைக் கொஞ்ச நேரம் நிழலில் நிறுத்தி, கூட இருப்பவர் சாப்பிட்டாரா, வீட்டுக்குப் போன் செய்தாரா என்று பாருங்கள். அடுத்த நாளும் அவர் பேசாமல் இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

அப்புறம் அந்த ஆக்சிஜன். கேஸ் முடிந்ததும் சிலிண்டரின் அளவு காட்டும் கேஜைப் பார்த்து, மீதி எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி, சிலிண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துண்டுத் தாளில் நேரத்தோடு எழுதுங்கள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து கையை நீட்டும்போது, சாவியைக் கொடுக்கும் முன் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.